கரண்ட் போனால் எதை வாங்குவது?

(மட்டக்களப்பு வாவிக்கரைத் தென்னந்தோட்டமொன்றில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வந்தது போஷாக்கைப் பற்றியும் இல்லை, சேமலாப நிதியைப் பற்றியும் இல்லை. ஜெனரேட்டரைப் பற்றி. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகு என் மேசைக்கு ஐந்து கடன் விண்ணப்பங்கள் வந்தன. ஐந்திலும் காரணம் ஒன்றுதான்: "ஜெனரேட்டர் வாங்க." சிபாரிசு செய்து கையெழுத்து வைக்க வேண்டியவன் நான். வைக்கும் முன்பு கொஞ்சம் யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

விண்ணப்பித்த ஒரு அக்காவிடம் கேட்டேன், "கரண்ட் போனா வீட்டில என்னென்ன ஓட வேணும் அக்கா?" எண்டு. "லைட் வேணும் தம்பி, மகன் இந்த முறை சாதாரண தரம் எழுதுறான். போன் சார்ஜ் பண்ண வேணும். நுளம்புக்கு ஒரு ஃபேன் இருந்தாக் காணும்." "பிரிட்ஜ்?" "எங்களிட்ட பிரிட்ஜ் எங்க இருக்கு?"

அந்த இடத்திலேயே ஒரு கடதாசியில் கணக்குப் போட்டோம். இப்போதைய எல்.ஈ.டி. பல்ப் ஒன்று 9 வாட். மூன்று பல்புக்கு 27. மேசை ஃபேன் சுமார் 50. போன் சார்ஜர் 10. எல்லாம் சேர்த்து 87 வாட். ஐந்து மணித்தியாலம் ஓடினால் 435 வாட் மணி. இதற்கு ஜெனரேட்டர் எதற்கு? 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றறி ஒன்றில் 1,200 வாட் மணி இருக்கிறது. ஈயப் பற்றறியை அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே பாதியைத்தான் எடுக்க வேண்டும். 600. இன்வேட்டரில் கொஞ்சம் வீணாகும், கையில் 500க்கு மேல் மிஞ்சும். அக்காவுக்குப் போதும். சத்தமில்லை, புகையில்லை, பெற்றோல் தேடி அலைச்சலும் இல்லை.

புயல் வந்தால் ஐந்து மணித்தியாலத்தில் முடியாதே என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னையோடு மின்கம்பங்களும் சரிந்து கிடந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி நாட்களில் ஃபேனை நிறுத்துங்கள். இரண்டு பல்ப் மட்டும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 90 வாட் மணிதான். அதே பற்றறி நாலைந்து இரவு தாங்கும். வெயில் திரும்பியதும் 100 வாட் சோலார் தகடு ஒன்று இருந்தால் நல்ல வெயில் நாளில் 350, 400 வாட் மணி ஏற்றிவிடலாம். மழை மூட்டத்தில் அந்தளவு ஏறாது, அதை நம்பி இருக்க வேண்டாம். வெள்ளம் வரும் வீடுகளில் பற்றறியை நிலத்தில் வைக்காதீர்கள், உயர வையுங்கள்.

பற்றறி வாங்கும்போது ஒரு விஷயம். பழைய லொறிப் பற்றறி மலிவு என்று வாங்க வேண்டாம். அது இஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்குச் செய்தது. நின்று நிதானமாக இறங்கி ஏறும் வேலைக்கு சோலார், இன்வேட்டர் பற்றறி என்று தனியாகவே விற்கிறார்கள். அதற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் விட வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஐதரசன் வாயு வரும். பக்கத்தில் விளக்கோ பீடியோ வேண்டாம். லிதியம் பற்றறிக்குத் தண்ணீர் விடும் வேலையில்லை, கூடுதல் காலமும் இருக்கும். விலைதான் கூட.

இனி ஜெனரேட்டருக்கு வருகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். எரிபொருள் இறக்க நாட்டிடம் டொலர் இல்லை, அதுதான் பெரிய காரணம். அதே காரணத்தால் செட்டிலும் பெற்றோல் இல்லை. கலன்களுக்கு ஊற்றுவதையும் நிறுத்தினார்கள். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். என் மச்சான் அந்த வருஷம் பெப்ரவரியில் தவணைக்கு ஒரு பெரிய ஜெனரேட்டர் வாங்கினான். மோட்டார் சைக்கிளிலிருந்து பெற்றோலை உறிஞ்சி அதற்கு ஊற்றினான். பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் இல்லாமல் போனது. தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது. ஓடாமல் கிடந்த மெஷினை வாவிக்காற்று துருப்பிடிக்க வைத்தது, உள்ளே நின்ற பெற்றோல் பிசினாகி காபரேட்டரை அடைத்தது. அவனைக் குறை சொல்லவில்லை, அப்போது நானும் "வாங்கு மச்சான்" எண்டுதான் சொன்னேன்.

அப்படியென்றால் ஜெனரேட்டர் யாருக்கும் வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. கரண்ட் போனால் யாருடைய பொருள் பழுதாகி உழைப்பு நட்டமாகுமோ அவருக்கு வேணும். ஐஸ்கிறீம், மீன் வைத்துக் கடை நடத்துகிறவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிறவர். அங்கேயும் முதலில் கணக்கு. பிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான் இழுக்கும், ஸ்டார்ட் எடுக்கும்போது அதைப்போல பல மடங்கு இழுக்கும். தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டுக்குச் சரிசமமாக வாங்கினால் திணறும். சின்ன ஜெனரேட்டருக்கே மணித்தியாலத்துக்கு அரை லீட்டரிலிருந்து ஒரு லீட்டர் பெற்றோல் போகும். அதையும் லாபத்தில் கழித்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணித்தியால வெட்டு என்றால் பிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே போதும். மூடியபடி இருந்தால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி வெறுமையாக இருந்தால் ஒரு நாள். வெறும் இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து உறைய விடுங்கள். மீனுக்கு ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் இருந்தால் அன்றைய வியாபாரம் நடக்கும். நம்முடைய தயிர்ச் சட்டிக்கு எந்த மின்சார சபையும் தேவைப்படவில்லையே!

தையல் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் பூட்டிய மெஷினில் பழைய கால் மிதியைக் கழற்றி எறியாதீர்கள்.

கூரையில் சோலார் போட்டவருக்குக் கரண்டே போகாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய்ப் பட்டு நாடு முழுக்க கரண்ட் போனது. பட்டப்பகல். அப்படியான நேரத்தில் கூரை நிறையத் தகடு இருந்தும் லைனோடு மட்டும் இணைத்த வீடுகளுக்கு லைட் இல்லை. அது பழுதல்ல. லைனில் கரண்ட் இல்லாதபோது அந்த இன்வேட்டர் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பியில் வேலை செய்கிறவருக்கு அடிக்கும். பற்றறியும் அதற்கேற்ற இன்வேட்டரும் சேர்த்துப் போட்டவருக்குத்தான் இருட்டில் லைட்.

இதைத்தான் ஜெனரேட்டர்காரருக்கும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவர் சொக்கட்டில் குத்தி வீடு முழுக்க எரிய வைக்கிறார்கள். அந்த 230 வோல்ட் வெளியே போய், ட்ரான்ஸ்போமரில் ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகும். மேலே கம்பம் ஏறி நிற்கும் பிள்ளைக்கு அது தெரியாது. வீட்டு வயரிங்கில் கொடுக்க வேண்டுமானால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டிக் கொடுக்க வேண்டும், அதையும் தெரிந்த மின்னியலாளர்தான் பூட்ட வேண்டும். இல்லையென்றால் சாமானை நேரே ஜெனரேட்டரிலேயே குத்துங்கள்.

மற்றது புகை. மழைக்கு நனையும் என்று குசினிக்குள்ளே, பின் விறாந்தைக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடிக்கும், சத்தி வரும், நித்திரை வருவது போலிருக்கும், பிறகு எழும்ப மாட்டோம். ஜன்னலைத் திறந்து விட்டாலும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, மேலே மட்டும் தகரம் போட்டு, நாலு பக்கமும் காற்று வரும் இடத்தில் வையுங்கள். சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றாதீர்கள்.

ஒன்றுமே வாங்க வசதியில்லை என்று குப்பி விளக்கோடு இருக்கிற வீடுகளும் இங்கே உண்டு. அதில்தான் எனக்கு அதிக பயம். உயரமான போத்தல், தளர்ந்த மூடி, பிள்ளை தட்டினால் மண்ணெண்ணெய் சிந்தி நெருப்பு. இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர 1992இல் ஒரு பாதுகாப்பான விளக்கைச் செய்தார். மார்மைட் போத்தல்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. கட்டை, பாரம், இரண்டு பக்கமும் தட்டை, உலோகத் திருகு மூடி. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு வைக்கத்தான் வேணும் என்றால் அப்படிக் கட்டைப் போத்தலும் இறுகிய திருகு மூடியும் பாருங்கள், நுளம்பு வலைக்குக் கிட்ட வைக்காதீர்கள். முடிந்தால் சார்ஜ் ஏற்றும் எல்.ஈ.டி. லாம்பு ஒன்றாவது வாங்குங்கள். அதற்குச் சிறுகடன் கேட்டு வந்தால் அன்றைக்கே எழுதித் தருகிறேன்.

அந்த ஐந்து விண்ணப்பத்தில் நாலு பேர் என்னோடு இருந்து கணக்குப் போட்டு பற்றறிக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது மீன் கடைத் தம்பி, அவருக்கு ஜெனரேட்டருக்கே கையெழுத்து வைத்தேன். ஏற்கனவே ஜெனரேட்டர் வைத்திருக்கிற மூன்று பேரும் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள், எந்த வயரில் கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுவோம்.