வலியும் மூச்சும்

இன்று பட்டம் பெறும் மருந்தாளுநர்களே!

உங்களில் பலர் கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போவீர்கள். சிலர் சிதம்பரத்திலேயே மருந்துக்கடை வைப்பீர்கள். பட்டமளிப்பு உரையைப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். இருந்தாலும் ஒரு மருந்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ஃபின் மூளையில் போய் ஒட்டும் ஏற்பியை 1973-ல் காண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். சிக்கலும் அங்கேதான். மியூ ஏற்பி என்று பெயர்; வலியை அடக்கும் அதே ஏற்பி, மூளைத்தண்டில் மூச்சையும் மட்டுப்படுத்துகிறது. ஒரே சுவிட்சில் இரண்டு விளக்கு.

வயரைப் பிரிக்க முடியாதா? 2012-ல் ஆஷிஷ் மங்லிக், பிரையன் கோபில்கா குழுவினர் அந்த ஏற்பியின் வடிவத்தையே வெளியிட்டார்கள். 2016-ல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை மங்லிக்கும் சகாக்களும் கணினியில் பொருத்திப் பார்த்தார்கள்; அதிலிருந்து பி.இசட்.எம்.21 என்ற மூலக்கூறு பிறந்தது. ஏற்பியிலிருந்து செய்தி போகும் இரண்டு பாதைகளில், ஜி-புரதப் பாதையில் நிவாரணம், பீட்டா-அரெஸ்டின் பாதையில் ஆபத்து என்பது அன்றைய நம்பிக்கை. முதல் பாதையை மட்டும் தூண்டினால் போதும் என்றார்கள். வேறு ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்தபோது, அந்த மருந்திலும் எலிகளுக்கு மூச்சு தளர்ந்தது. அதே எண்ணத்தில் உருவான ஒலிசெரிடின் 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கும் மூச்சு பற்றிய எச்சரிக்கை உண்டு. 2025 ஜனவரியில் அங்கே அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் மியூ ஏற்பியைத் தொடுவதே இல்லை. நரம்பின் சோடியம் வாயிலை அடைக்கிறது. ஆனால் அது திடீர் வலிக்குத்தான். புற்றுநோயின் கடும் வலிக்கு இன்றும் மார்ஃபின்தான் கை கொடுக்கிறது.

அந்த மார்ஃபினுக்கான அபினி நம் நாட்டிலேயே சட்டப்படி விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-ல் சட்டம் தளர்ந்தது, பயம் தளரவில்லை. நாம் மார்ஃபினை இரட்டைப் பூட்டுப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தபோது, அதே ஏற்பியைத் தொடும் டபென்டடால் மாத்திரை கள்ளத்தனமாகக் கைமாறி, தமிழ்நாட்டு இளைஞர்களின் ஊசிக்குப் போய்விட்டது. ஆய்வகம் பாதுகாப்பான மூலக்கூறைக் கண்டுபிடிக்கட்டும். அதுவரை பாதுகாப்பு, மருந்தை எடுத்துக் கொடுக்கும் உங்கள் கையில்தான்.

சீட்டில்லாமல் டபென்டடால் கேட்டு வருபவர் பக்கத்துத் தெருப் பையனாகவே இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மருத்துவமனை மருந்தகத்தில் மார்ஃபின் சீட்டோடு ஒரு மகள் வந்தால், "இதைக் கடைசிக் காலத்தில்தானே கொடுப்பாங்க, அம்மாவுக்கு அவ்வளவுதானா?" என்று கேட்பாள். வலிக்குத்தான் கொடுக்கிறோம் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் அவள் கிளம்புமுன் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.