பாட்டின் பட்டா யார் பெயரில்?



அமெரிக்காவில் ஓர் எஃப்எம் நிலையம், விட்னி ஹூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலை ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அந்த நிலையம் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அந்தப் பணம் யாருக்குப் போகும்? விட்னியின் குரலுக்காகத்தான் நாம் வானொலியைத் திருப்புகிறோம். ஆனால் ஏஎம், எஃப்எம் ஒலிபரப்பைப் பொறுத்தவரை, அமெரிக்கச் சட்டப்படி பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. பாட்டை இயற்றியவருக்கும், அந்தப் பாட்டின் வெளியீட்டு உரிமையை வைத்திருப்பவருக்கும்தான் பணம் போகும். இந்தப் பாட்டைப் பொறுத்தவரை அந்த இருவரும் ஒரே ஆள்தான். அவர் பெயர் டாலி பார்ட்டன்.

உலகின் பெரும் பணக்கார இசைக்கலைஞர்கள் அந்தச் செல்வத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் இன்றைக்கு நாம் பேசப்போவது. குரல் வளத்தால் சேர்த்தார்கள், கடும் உழைப்பால் சேர்த்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. நல்ல குரலும் உழைப்பும் இருந்தும் வறுமையில் மடிந்த கலைஞர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். செல்வம் தங்கிய இடங்களைத் தேடிப் பார்த்தால், அங்கே கட்டாயம் ஒரு பத்திரம் இருக்கிறது. புகழைக் குரல் கொடுத்தது. சொத்தை அந்தப் பத்திரம் கொடுத்தது.

டாலி பார்ட்டன் 1946-ல் டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் பிறந்தவர். வீட்டில் 12 பிள்ளைகள், ஏழைக் குடும்பம். அவரே எழுதி மெட்டமைத்துப் பாடிய இந்தப் பாட்டு 1974-ல் வெளிவந்து, அமெரிக்கக் கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பிடித்தது. அதைத் தானும் பாட வேண்டும் என்று எல்விஸ் பிரெஸ்லி ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அந்த நேரத்தில் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை போட்டார். வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் எல்விஸ் பாடுவார் என்றார். டாலி மறுத்துவிட்டார். அன்றிரவு அழுது தீர்த்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அழுதார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

18 ஆண்டுகள் கழிந்தன. 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் அது 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. விற்ற ஒவ்வொரு பிரதியிலும் டாலிக்குப் பங்கு வந்தது. வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பங்கு வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நாஷ்வில் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டடத் தொகுதியை வாங்கியதாகப் பின்னாளில் அவர் சொன்னார். டாலியின் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறையை மனத்தில் வைத்து 1995-ல் டாலி ஒரு புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வீடு தேடி வரும். இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நேயர்களே, இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த இயற்றல் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. தொழிலில் இருப்பவர்கள் இதை மாஸ்டர் என்பார்கள். இயற்றலை மனை என்று வைத்துக்கொண்டால், மாஸ்டர் அந்த மனைமேல் கட்டிய வீடு. ஒரே மனையில் பல வீடுகள் எழும்பலாம். டாலி கட்டியது ஒன்று, விட்னி கட்டியது மற்றொன்று. எந்த வீட்டில் ஆள் குடியேறினாலும் மனைக்காரருக்கு வாடகை உண்டு.

புதிதாக வரும் கலைஞருக்கு ஒலிப்பதிவு நிறுவனம் முன்பணம் கொடுக்கும். இளம் வயதில் அது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அந்த முன்பணமும், பெரும்பாலும் ஸ்டூடியோச் செலவும், கலைஞருக்கு வர வேண்டிய ராயல்டியிலிருந்து கழிக்கப்படும். எல்லாம் கழிந்து முடிந்த பிறகும், வழக்கமான ஒப்பந்தங்களில் மாஸ்டர் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும். கடனை அடைப்பவர் கலைஞர், வீடு வேறொருவருக்கு.

இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றவர்கள் பீட்டில்ஸ் இசைக்குழுவினர். 1963-ல் அந்தக் குழுவின் ஜான் லெனனுக்கு வயது 22, பால் மெக்கார்ட்னிக்கு 20. அவர்களின் பாட்டுகளுக்காக 'நார்தர்ன் சாங்ஸ்' என்றொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. எழுதியவர்கள் இவர்கள் இருவர். நிறுவனத்தின் கட்டுப்பாடோ டிக் ஜேம்ஸ் என்ற பதிப்பாளர் தரப்பிடம் இருந்தது. 1969-ல் அவர் தம் பங்கை ஏடிவி என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். லெனனும் மெக்கார்ட்னியும் போராடிப் பார்த்தார்கள், முடியவில்லை. உலகமே முணுமுணுத்த பாட்டுகள், அவற்றை எழுதியவர்களின் கையை விட்டுப் போயின.

அதற்குப் பிறகு மெக்கார்ட்னி செய்ததுதான் முக்கியம். அவருடைய மாமனார் லீ ஈஸ்ட்மன் ஒரு வழக்கறிஞர். இசைத்துறை அவருக்கு நன்றாகத் தெரியும். பாட்டு உரிமைகளில் முதலீடு செய் என்று மருமகனுக்கு வழிகாட்டினார். மெக்கார்ட்னி தம் எம்பிஎல் நிறுவனத்தின் வழியாக, இளமையில் தமக்கு மிகப் பிடித்தவரான பட்டி ஹாலியின் பாட்டு உரிமைகளை வாங்கினார். 'அன்னி', 'கிரீஸ்' போன்ற இசை நாடகங்களின் பாட்டுகளும் வந்து சேர்ந்தன. சொந்தப் பாட்டை இழந்தவர் பிறர் பாட்டுகளுக்கு உரிமையாளரானார். 2024-ல் சண்டே டைம்ஸ் இதழின் பணக்காரர் பட்டியல், 100 கோடி பவுண்டைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிட்டது.

1980-களின் தொடக்கத்தில் மெக்கார்ட்னியும் மைக்கேல் ஜாக்சனும் சேர்ந்து சில பாட்டுகள் பாடினார்கள். அப்போது மெக்கார்ட்னி இந்த உரிமைத் தொழிலைப் பற்றி ஜாக்சனிடம் சொன்னார். ஜாக்சன் காதில் வாங்கியதோடு நிற்கவில்லை. 1985-ல் ஏடிவி மியூசிக்கையே 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார். அதற்குள் பீட்டில்ஸ் பாட்டுகளும் அடக்கம். நண்பர்களுக்கிடையே மனக்கசப்பு வந்ததில் வியப்பில்லை. 1995-ல் அந்த நிறுவனத்தை சோனியோடு இணைத்து, ஜாக்சன் பாதிப் பங்கைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். 2009-ல் அவர் இறந்தபோது பெருங்கடன் இருந்தது. ஆனால் அந்தப் பாதிப் பங்கை 2016-ல் சோனி வாங்கிக்கொண்டபோது கொடுத்த விலை 75 கோடி டாலர். 'த்ரில்லர்' போன்ற ஆல்பத்தைத் தந்தவருடைய சொத்தில் இவ்வளவு பெரிய பகுதி, அவர் எழுதாத பாட்டுகளிலிருந்து வந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். டெய்லர் ஸ்விஃப்ட் பதின்வயதில் பிக் மெஷின் என்ற நிறுவனத்தில் ஒப்பந்தமானார். அங்கே வெளியிட்ட ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் உரிமையும் நிறுவனத்துக்கே. 2019-ல் அந்த நிறுவனம் விற்கப்பட்டது; ஸ்விஃப்டின் மாஸ்டர்களும் அதோடு சேர்ந்து கைமாறின. அடுத்த ஆண்டு ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு மறுபடி கைமாறின. தன் குரல் சந்தையில் கைமாறிக்கொண்டே போவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆனால் டெய்லர் ஸ்விஃப்டிடம் ஒரு பலம் இருந்தது. அந்தப் பாட்டுகளை எழுதியவர் அவர். வீடு கைவிட்டுப் போயிருந்தாலும் மனையில் அவருக்கு உரிமை இருந்தது. ஆகவே அதே மனையில் புது வீடு கட்டினார். 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்களைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து, 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்ற பெயரோடு வெளியிட்டார்.  ரசிகர்கள் பலர் பழைய பதிவை விட்டு இதைக் கேட்டார்கள்.

பிறகு வந்தது 'ஈராஸ்' இசைப்பயணம். 2023 மார்ச்சில் அரிசோனாவில் தொடங்கி 2024 டிசம்பரில் வான்கூவரில் முடிந்தது. 149 நிகழ்ச்சிகள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள். நுழைவுச்சீட்டு வருவாய் மட்டும் 200 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த இசைப்பயணமும் அந்த அளவை எட்டியதில்லை. அந்த நிகழ்ச்சியைப் படமாக எடுத்தபோதும் பெரிய ஸ்டூடியோக்களிடம் போகாமல், தம் செலவில் தயாரித்து, திரையரங்கு நிறுவனத்தோடு நேரடியாக உடன்பாடு செய்துகொண்டார். பயணத்தில் உழைத்த லாரி ஓட்டுநர்கள், நடனக் கலைஞர்கள், மேடைப் பணியாளர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 19 கோடியே 70 லட்சம் டாலர் ஊக்கத்தொகை கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. 2024 அக்டோபரில் ஃபோர்ப்ஸ் இதழ் அவருடைய சொத்தை 160 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. 2025 மே மாதம் தம் பழைய மாஸ்டர்களையும் விலை கொடுத்து மீட்டார். இப்போது வீடும் அவருடையது.

பாட்டுக்கு வெளியே போய்ச் சம்பாதித்தவர்களும் இருக்கிறார்கள். பார்படோஸ் தீவில் பிறந்த ரிஹானாவைப் பாருங்கள். பெரிய பாடகிகளை அழகுசாதன நிறுவனங்கள் விளம்பரத்துக்கு அழைக்கும். ஒரு தொகை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு வருவதுதான் வழக்கம். ரிஹானா பங்கு கேட்டார். எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சுப் பெருநிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 2017-ல் 'ஃபென்டி பியூட்டி'யைத் தொடங்கினார். முகப்பூச்சை 40 நிறச்சாயல்களில் ஒரே நாளில் கொண்டுவந்தார். கருத்த சருமத்துக்குப் பொருந்தும் பூச்சு கிடைக்காமல் கடை கடையாக அலைந்த பெண்கள் அதைக் கொண்டாடினார்கள். 2021-ல் ஃபோர்ப்ஸ் அவருடைய சொத்தை 170 கோடி டாலர் என்று கணக்கிட்டபோது, அதில் பெரும்பகுதி இந்த நிறுவனத்தில் அவருக்கிருந்த பங்கின் மதிப்பு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த ஜே-ஸியும் இதே வழியில் வந்தவர்தான். எந்த ஒலிப்பதிவு நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாதபோது, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 1990-களின் நடுவில் சொந்தமாக 'ராக்-அ-ஃபெல்லா' நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு ஆடை வணிகம், மதுபானம் என்று எதில் கை வைத்தாலும் பங்குதாரராகவே கை வைத்தார். ஹிப்ஹாப் உலகின் முதல் நூறு கோடி டாலர் அதிபர் என்று 2019-ல் ஃபோர்ப்ஸ் அவரை எழுதியது.

இத்தனை வெற்றிக் கதைகளுக்குப் பக்கத்தில் ஒரு மனிதரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் பெயர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்தவர். 1939-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தம் குழுவோடு 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்புபே என்றால் சிங்கம். அந்தப் பாட்டின் உரிமை பத்து ஷில்லிங்குக்கு அவர் கையை விட்டுப் போனது. அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய், 1961-ல் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற பெயரில் முதலிடம் பிடித்தது. 1994-ல் வந்த 'தி லயன் கிங்' படத்திலும் ஒலித்தது. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு அந்த மெட்டு தெரியும். லிண்டாவோ 1962-லேயே வறுமையில் இறந்துவிட்டார். அவருடைய மகள்கள் வழக்குத் தொடுத்து, 2006-ல்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. திறமையில் லிண்டா யாருக்கும் குறைந்தவர் இல்லை. அவர் முன் நீட்டப்பட்ட தாளின் விலை அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. இது வணிகம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இது அநீதி.

சட்டம் துணை நின்றால் நிலைமை மாறும் என்பதற்கு நம் இந்தியாவே சான்று. திரைப்பாடல்களுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளராக இருக்கலாம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது திரைப்பாட்டு, படத்தோடு திரையரங்கில் ஓடுவது தவிர வேறு எங்கே பயன்பட்டாலும், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. வறுமையிலிருக்கும் கலைஞர், அவசரத்தில் போடும் ஒரு கையெழுத்தால் தம் பிள்ளைகளின் சோற்றை இழந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தத் திருத்தத்தின் சாரம்.

உங்கள் வீட்டில் பாட்டு எழுதும் பிள்ளை இருக்கலாம், மெட்டுப் போடும் தம்பியோ தங்கையோ இருக்கலாம். அவர்களுக்கு இசையைச் சொல்லிக்கொடுக்கும்போதே மூன்று கேள்விகளையும் சொல்லிக்கொடுங்கள். இயற்றல் உரிமை யாருக்கு? மாஸ்டர் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு? முன்பணம் எந்தக் கணக்கில், எதுவரை கழியும்? இந்த மூன்றுக்கும் தெளிவான விடை எழுத்தில் கிடைக்கும்வரை, எவ்வளவு பெரிய மேடை காத்திருந்தாலும், பேனாவை எடுக்க வேண்டாம்.