லீவு முடியும் தேதி

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. வாசிக்கிற மாதிரி புதுசா எதுவும் கையில இல்ல. ரொம்ப நாளா மண்டையில ஓடிக்கிட்டிருக்கிற ஒரு விஷயத்தைப் பேசிட்டுப் போயிடறேன். வெளிநாட்டுச் சண்டையிலிருந்து லீவில் ஊருக்கு வந்த சேரிச் சிப்பாய். அவனைப் பற்றித்தான்.

போரைப் பற்றி எழுதுகிறவர்கள் செத்தவனை எழுதுகிறார்கள். அவனுக்குத் தூண் நடுகிறார்கள். உயிரோடு திரும்பியவனை எழுதுகிறார்கள். நடுவில் ஒரு மாசம் வந்துவிட்டு மறுபடி சாவுக்கே போனவனை யாரும் எழுதுவதில்லை. லீவில் எழுத என்ன இருக்கு, சாப்பிட்டான், தூங்கினான், ரயிலேறினான் என்கிற நினைப்பு. எனக்கென்னவோ சாதி எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஒரு மாசத்தில்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது என்று படுகிறது. ஒரே உடம்பின் மேல் அப்போது இரண்டு சர்க்கார் உரிமை கொண்டாடுகிறது. ஒன்று உடுப்புப் போட்டு அனுப்பிய சர்க்கார். இன்னொன்று ஊர்.

கொஞ்சம் வரலாறு. நம்ம ஜனங்களைப் பட்டாளத்தில் சேர்த்தது வெள்ளைக்காரன் கருணையாலே இல்ல. பழைய மெட்ராஸ் ராணுவத்தில் பறையர் சிப்பாய்கள் ஆரம்ப காலத்திலிருந்தே இருந்தார்கள். அப்புறம் ராபர்ட்ஸ் மாதிரி தளபதிகள் வந்து 'போர்க்குடி' என்று ஒரு தத்துவம் சொன்னார்கள். வடமேற்கில் பிறந்தவன் வீரன், தெற்கத்தியான் உதவாதவன். 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். உலகப்போர் வந்து ஆள் பற்றாக்குறை ஆனதும் 1917இல் 111ஆவது மகர் படை. 1921இல் அதையும் கலைத்தாச்சு. மெட்ராஸ் பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். அடுத்த உலகப்போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். சமார் ரெஜிமென்ட்டுக்கு ஆயுசு 1946 வரைக்கும்தான். சண்டை வந்தால் கைதட்டிக் கூப்பிடு, முடிந்தால் போகச் சொல். பண்ணையாள் நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிடப்படுகிற கணக்குதான் இது.

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று சில பேர் இன்னமும் எழுதுகிறார்கள். முதல் உலகப்போரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அரண்மனையையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அதிலேயும் தனித்தனிச் சமையலறை, தனித்தனிக் குழாய். பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கே பட்டாளத்தோடு போன சுகா என்ற துப்புரவுத் தொழிலாளி 1915 ஜனவரியில் நிமோனியாவில் செத்துப்போனார். பரேலிப் பக்கத்துக்காரர். இந்துக்கள் எரிக்க மறுத்தார்கள். முஸ்லிம் இடுகாட்டிலும் இடம் இல்லை. கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் தன்னுடைய தேவாலயத்துக் கல்லறையில் புதைத்தார். ஊர்க்காரர்கள் காசு போட்டு நட்ட கல் இன்னும் அங்கே நிற்கிறது. கப்பலில் துப்பாக்கியோடு சேர்த்து ஊரையும் ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

அந்தப் போரில் பிரான்சில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்க்கு லீவு கிடைத்தால் கால்வாயைத் தாண்டி வீட்டுக்குப் போகலாம். இந்தியச் சிப்பாய் காயம்பட்டுப் பிழைத்தால் மறுபடியும் போர்முனைக்கு. காயம் ஆறினவனையாவது வீட்டுக்கு அனுப்பக் கூடாதா என்பதுதான் அவர்களுடைய பெரிய மனக்குறை.

இனிமே எங்க வீட்டுக் கதை. எங்க தாத்தா இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரில் பயிற்சி. அங்கேயிருந்து எகிப்து, லிபியா. சாப்பர் என்றால் பாலம் போடுகிறவன், பள்ளம் தோண்டுகிறவன், கண்ணிவெடி எடுக்கிறவன். பாலைவன மணலில் குப்புறப் படுத்து, துப்பாக்கிச் சனியனைச் சாய்வாகக் குத்திக் குத்தித் தடவிக்கொண்டே போகணும். சண்டை தொடங்கினப்போ சிப்பாய் சம்பளம் மாசம் 16 ரூபாய். 1943 மே மாசம் துனீசியாவில் ஜெர்மானியரும் இத்தாலியரும் சரணடைந்தார்கள். அதற்கப்புறம்தான் தாத்தாவுக்கு லீவு கிடைத்தது. சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கப்பல், பம்பாயிலிருந்து அரக்கோணத்துக்கு ரயில், அங்கே இறங்கி மாறிக் காஞ்சிபுரம். அப்புறம் பாலாற்று மணலில் நடை. காக்கி உடுப்பு, பூட்ஸ், தோளில் கித்தான் பை, சட்டைப் பையில் லீவுச் சீட்டு. இதெல்லாம் ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாத்தா அதிகம் பேசமாட்டார்.

பூட்ஸ் காலோடு ஊர்த்தெரு வழியாகத்தான் சேரிக்கு வந்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள், அவ்வளவுதான். பெரிய பண்ணைக்காரர் மட்டும் நின்று பேசினார். ஆயா இந்த இடத்தில் ஒன்று சொல்வாங்க: "அந்த ஒரு மாசம் அவர் வாயில 'டா' இல்ல. 'பா'வும் இல்ல. மொட்டையா 'எப்ப வந்தது?'ம்பாரு."

ஒரு வாரம் கழித்துப் பண்ணை வீட்டில் ஒரு சாவு. சேதி சொல்ல, பறையடிக்க, விறகு அடுக்க, பிணம் வேக வைக்க - அந்த மாசம் எங்க வீட்டு முறை. தாத்தாவுடைய அப்பா குளிர்காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். தலையாரி வந்து வாசலில் நின்று, "மவன் இருக்கான் இல்ல, அனுப்பு" என்றான். தாத்தா உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாராம். "நான் சர்க்கார் ஆளு. லீவுல இருந்தாலும் சம்பளம் சர்க்கார் சம்பளம். என்னை வேற வேலைக்குக் கூப்புடறதுன்னா எங்க துரைகிட்ட எழுதி வாங்கிக்கிட்டு வாங்க" என்றார். அன்றைக்குச் சேரியிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்து காரியத்தை முடித்தார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல வீரக்கதை. நம்ம மேடைகளில் இங்கேதான் கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நடந்தது மிச்சம் இருக்கு.

அதற்கப்புறம் லீவு முடிகிறவரைக்கும் ஊர் வாயே திறக்கவில்லை. பண்ணைக்காரர் எதிரில் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி: "எப்ப ரயிலு?" தாத்தாவும் தேதியைச் சொல்லியிருக்கார். ஆயா சொல்வாங்க, "அது விசாரிப்பு இல்லடா கண்ணு. நாள் எண்றது."

தாத்தா ரயிலேறி நாலாம் நாள் களத்தில் எங்க வீட்டு ஆட்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாடு மேய்க்கப் பொறம்போக்குப் பக்கம் போகக் கூடாது. அப்புறம் வந்தது ஒரு புரோநோட்டு வழக்கு. தாத்தாவுடைய அப்பா என்றைக்கோ கைநாட்டு வைத்த 60 ரூபாய், வட்டியோடு வளர்ந்து நின்றது.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைச் சொல்லணும், பேங்க் குமாஸ்தா புத்தி. 1925ஆம் வருஷத்து இந்தியச் சிப்பாய்கள் வழக்காடல் சட்டம் என்று ஒன்று உண்டு. போர்க்களத்தில் இருக்கிற சிப்பாய் ஒரு வழக்கில் கட்சிக்காரனாக இருந்தால், அவன் வர முடியாத நிலையில் கோர்ட் வழக்கை நிறுத்தி வைக்க அது வழி செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்கு? தன் பேரில் நிலமும் பத்திரமும் உள்ள சிப்பாய்க்கு. நம்ம ஆள் பேரில் என்ன இருக்கும்? கடன் அப்பன் பேரில், கைநாட்டு அப்பன் கைநாட்டு. அப்பன் சிப்பாய் இல்லை, படியாள். சட்டம் மகனைக் காப்பாற்ற மத்தியதரைக் கடல் வரைக்கும் போகும், சேரிக் குடிசைக்குள்ளே வராது.

இதைவிடக் கொடுமை மணியார்டர். மாசாமாசம் பெங்களூரிலிருந்து குடும்பத்துக்குப் பணம் வரும். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குப் பணம் கொடுக்க, கைநாட்டுக்குப் படித்தவர் ஒருத்தர் சாட்சி போடணும். சேரியில் அன்றைக்கு எழுதத் தெரிந்தவர் தாத்தா ஒருத்தர்தான். அவரும் பட்டாளத்தில் கற்றது. லீவுக்கு முன்னால் ஊரில் யாராவது சாட்சி போட்டு, நாலணா எட்டணா எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அந்தச் சாவுக்கு அப்புறம் சாட்சி போட ஊரில் ஒரு கை கூடக் கிடைக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, குடிசையைக் கொளுத்தவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்கள், அவ்வளவுதான். இரண்டு மாசப் பணம் பெங்களூருக்கே திரும்பிப் போனது. தாத்தா அப்போது இத்தாலியில் இருந்தார், மோன்டே காசினோ மலையடிவாரத்தில், 1944 தொடக்கம். அவருக்குக் கடிதம் போய், அவர் தன் அதிகாரி மூலம் கலெக்டருக்கு மனு அனுப்பினார். விசாரிக்க வந்த வருவாய்த் துறைக்காரர் பண்ணைக்காரர் திண்ணையில் உட்கார்ந்துதான் அறிக்கை எழுதினார். கடைசியில் பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் நாலு மைல் நடந்து வந்து மாசாமாசம் சாட்சி போட்டுவிட்டுப் போனார். அவர் மட்டும் இல்லையென்றால் எங்க பெரியப்பா பிழைத்திருக்கமாட்டார், நானும் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கமாட்டேன்.

இன்னைக்கும் பேங்கில் கைநாட்டுக்குச் சாட்சி கேட்கிறோம். நவம்பர் மாசம் உயிர்ச் சான்று கொடுக்க ராணுவக் குடும்பப் பென்ஷன்காரம்மாக்கள் வருவாங்க. கட்டைவிரலில் மை தடவும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த இரண்டு மாசப் பணம் ஞாபகம் வரும்.

ஊர் செய்தது என்ன என்று யோசித்துப் பாருங்க. உடுப்பை எதிர்த்துச் சண்டை போடவில்லை. உடுப்பு போகிற தேதிக்குக் காத்திருந்தது. அமெரிக்காவில் அந்தப் பொறுமை கூட இருக்கவில்லை. பசிபிக் போரில் இருந்துவிட்டு வந்த ஐசக் உட்வர்ட் என்ற கறுப்பினச் சார்ஜென்ட், 1946 பிப்ரவரி 12 அன்று பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, அதே உடுப்போடு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார். கழிப்பறைக்குப் போக வண்டியை நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநரோடு வாய்த்தகராறு. தெற்குக் கரோலினாவில் பேட்ஸ்பர்க் என்ற ஊரில் இறக்கிவிட்டார்கள். அந்த ஊர்ப் போலீஸ் தலைவன் தடியால் அடித்து இரண்டு கண்ணையும் குருடாக்கினான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் அவனை விடுவித்தது. ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கச் சொல்லி ட்ரூமன் ஆணை போட்டது 1948 ஜூலையில். அதற்குப் பின்னால் இந்தக் கண்களும் இருக்கின்றன. உட்வர்ட் லீவில் வரவில்லை, மொத்தமாக வந்தார். அதனால் அவர்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போச்சு.

அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார் மேஜர், ராணுவப் பள்ளிக்கூட ஆசிரியர். அண்ணல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது. 1901இல், வேறு ஊரில் காசாளராக இருந்த அப்பாவைப் பார்க்க, லீவில் பிள்ளைகள் புதுத்துணி, புதுச் செருப்போடு ரயிலில் போய் மசூர் நிலையத்தில் இறங்கிய கதையை அவரே எழுதியிருக்கிறார், நீங்க படிச்சிருப்பீங்க. சாதி தெரிந்ததும் வண்டிக்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டினார்கள். வண்டிக்காரன் நடந்து வந்தான். சுபேதார் மேஜர் பிள்ளைகள் என்ற பேரெல்லாம் குடியிருப்பு எல்லையோடு சரி.

ஹாஸ்டலில் இருக்கிற தோழர்களைத்தான் இப்போ பார்க்கிறேன். நம்மில் பாதிப் பேர் லீவில் ஊருக்குப் போகிறவங்க. நானும்தான். பொங்கலுக்கு பைக்கில் போகிறேன், ஊர்த்தெருவில் இறங்காமல் ஓட்டிக்கொண்டு போகிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டீக்கடையில், "சார் எப்ப கெளம்பறீங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். நாம் வம்பு இழுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுகிறோம். திங்கட்கிழமை காலையில் சர்க்கார் வேலைத் திட்டத்துக்குப் பேர் பதியப் போகிறது யாரு? நம்ம அத்தையும் சித்தியும். போகாதே, கேட்காதே என்று சொல்ல வரவில்லை. தாத்தா அன்றைக்கு வாசலில் நின்று சொன்னது சரிதான், இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் சொல்லணும். ஆனால் நாம் கிளம்பின பிறகு சாட்சிக் கையெழுத்துப் போட உள்ளூரில் யார் இருக்கா என்கிற ஏற்பாடு இல்லாமல் வாசலில் நிற்கக் கூடாது. ஏற்பாடு என்று நான் சொல்வது அமைப்பை. போனில் பேசுகிற அமைப்பு இல்ல, திங்கட்கிழமை காலையில் அங்கே இருக்கிற அமைப்பு.

1946இல் தாத்தா பட்டாளத்தை விட்டு வந்தார். ஒரு பெட்டி, இரண்டு மெடல். பண்ணைக்காரர் வாயில் 'டா' அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது. தாத்தா ஒரு வருஷம் இருந்து பார்த்தார். சேரியில் அஞ்சு பசங்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் மெட்ராஸில் கட்டட மேஸ்திரி ஆகிவிட்டார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் ஊருக்கு லீவில்தான் வந்தார்.

உங்ககிட்ட ஒரு வேலை கேட்கிறேன். உங்க சேரிகளில் பழைய பட்டாளத்துப் பெட்டிகள் பரணில் கிடக்கும். அந்தக் காலத்து ஆட்கள் அநேகமாக யாரும் இப்போது உயிரோடு இல்லை. மனைவிமார் சிலர் இருக்கலாம், மருமகள்கள் நிச்சயம் இருப்பார்கள். 62, 65, 71 சண்டைக்குப் போனவர்கள், 87இல் இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்கள் இருக்கிறார்கள். தமிழனைச் சுட அனுப்பப்பட்ட தமிழ்ச் சிப்பாய் லீவில் வந்து என்ன பேசினான், யாரிடம் பேசினான் என்பதெல்லாம் இன்னும் எழுதப்படவே இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் போட்டோ எடுத்துக்குங்க. எந்தச் சண்டை, என்ன மெடல் என்று கேட்டதோடு நிறுத்தாதீங்க. எந்த மாசம் லீவில் வந்தார், எத்தனை நாள் இருந்தார், அவர் போன பிறகு சேரியில் என்ன நடந்தது என்று கேளுங்க. பெண்களிடம் கேளுங்க, அவங்கதான் அங்கேயே இருந்தவங்க. எழுதி எடுத்துக்கொண்டு வாங்க, பத்திரிகையில் தொடர்ந்து போடலாம் என்று ஆசிரியர் குழுத் தோழர்கள் சொல்லியிருக்காங்க.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. கேள்வி இருந்தா கேளுங்க.