முதலில் வேலையை எழுதுங்கள், பிறகு லேப்டாப் வாங்குங்கள்

(நமது டிரஸ்டின் கல்வி மற்றும் தொழில் உதவிக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

 

இன்று நான் லேப்டாப் வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது கடைக்காரர் பேச வேண்டிய பேச்சாயிற்றே, செயலாளருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் நம் கர்ளன் ஹஸனா நிதிக்குத் தையல் மெஷின் கேட்டு மனு வரும், தள்ளுவண்டி கேட்டு வரும். இப்போது லேப்டாப் கேட்டு வருகிறது. கேட்பவர்களில் பலர் வீட்டில் ஒரு மேஜையில் வைத்து வேலை பார்க்கிறவர்கள் அல்ல. ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்து ஊர் ஊராகக் கணக்கு எழுதப் போகிற பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண் பிள்ளைகள், துபாய்க்கும் ரியாதுக்கும் விசா வந்து சபர் புறப்படுகிறவர்கள். இவர்களுக்கு வேண்டிய லேப்டாப் வேறு, வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கான லேப்டாப் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பி.காம். முடித்த ஒரு தம்பி மனுவோடு வந்தார். அத்தா மவுத்தாகிவிட்டார், அம்மா இடியாப்பம் அவித்து விற்றுப் படிக்க வைத்த பிள்ளை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. வாரத்தில் நான்கு நாள் பஸ் ஏறி ஜவுளிக்கடை, அரிசி மண்டி, இரும்புக்கடை என்று போய் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும். அவர் 14 இஞ்ச் திரையுள்ள ஒரு சிறிய லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து விலைப்பட்டியலும் கொண்டு வந்திருந்தார். நான்தான் புத்தி சொன்னேன்: "அதே காசுக்கு 15.6 இஞ்ச் கிடைக்குதே தம்பி, தனி கிராபிக்ஸ் கார்டும் இருக்கு. வாங்குறது வாங்குறோம், பெருசாவே வாங்கிக்கங்க." பெரியவர் சொல்கிறாரே என்று அவரும் தட்டாமல் அதையே வாங்கினார்.

அது 2.3 கிலோ. சார்ஜர் தனியாக அரைக் கிலோ. பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. போகிற கடையிலெல்லாம் "அண்ணே, ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா?" என்று நிற்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்-3பி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து அந்த ஊரில் மாதாந்திர பராமரிப்பு மின்தடை. பாதி வேலையில் லேப்டாப் அணைந்துவிட்டது, அன்று தாக்கல் செய்ய முடியவில்லை. தாமதக் கட்டணத்தை அந்தத் தம்பி தன் சம்பளத்திலிருந்து கட்டினார். பிறகு முதுகுவலி. வருடம் திரும்புவதற்குள் வந்த விலைக்கு அதை விற்றுவிட்டார். லேப்டாப் போய்விட்டது, கடன் நின்றது.

அந்தப் பிள்ளை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தவணை கட்ட வந்த அவருடைய அம்மாதான், "நீங்க சொன்னீங்கன்னுதானே வாங்குனான் அண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது குர்ஆனின் போதனை. கமிட்டி கூடி அவகாசம் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் முழுவதையும் அடைத்துவிட்டார். இப்போது 14 இஞ்ச் லேப்டாப்பில்தான் வேலை பார்க்கிறார். இன்று நான் சொல்லப் போவதில் பாதி அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

சகோதரர்களே, குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து எது என்று கேட்டால் மதரஸா பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்: சூரா அல்பகராவின் 282-ஆவது ஆயத்து. அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. கடனை எழுதி வைக்கும் நாம், அந்தக் கடனில் வாங்கும் பொருள் என்ன வேலைக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அந்தத் தம்பிக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது. ஆகவே லேப்டாப் வாங்கும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

முதல் கேள்வி: அதில் எந்த வேலை செய்யப் போகிறீர்கள்?

டேலியில் கணக்கு எழுதுபவருக்கு விண்டோஸ் லேப்டாப் வேண்டும். மேக்கும் குரோம்புக்கும் நல்ல பொருள்கள்தான், ஆனால் டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. கட்டுரை எழுதுவது, ஆன்லைன் வகுப்பு, எக்ஸெல், மெயில் இவைதான் வேலை என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அது விலையையும் எடையையும் சூட்டையும் கூட்டும், பேட்டரியைக் குடிக்கும். கட்டட வரைபடம், வீடியோ எடிட்டிங் படிக்கிற பிள்ளைக்கு அது தேவைப்படலாம். கல்லூரியில் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிறியது என்பதற்காக மலிவானதில் போய் விழக் கூடாது. 2007-இல் ஆசுஸ் கம்பெனி 7 இஞ்ச் திரையோடு ஈ பி.சி. என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து நெட்புக் என்ற பெயரில் பல வந்தன. விலை குறைவு, எடை குறைவு, ஆனால் வேகம் இல்லை. சில ஆண்டுகளில் அவை கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. சின்ன லேப்டாப் என்றால் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு அதிலிருந்து வந்தது. இன்று 13, 14 இஞ்ச் லேப்டாப்களில் பெரியவற்றில் உள்ள அதே பிராசஸர் வருகிறது. ஆனால் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று போட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்பவையும் இருக்கின்றன. விண்டோஸ் அப்டேட் வந்தாலே அவற்றில் இடம் நிறைந்துவிடும். 8 ஜி.பி. ரேமுக்கும், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கும் கீழே போகாதீர்கள். ஐந்து வருடம் ஓட வேண்டும் என்றால் 16 ஜி.பி. ரேம் நல்லது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள்?

தினமும் தோளில் தூக்கிப் போகிறவருக்கு ஒன்றரை கிலோவுக்குள் இருப்பது நல்லது. பேட்டரியைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் "12 மணி நேரம் வரை" என்று இருந்தால் அந்த "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓடவிட்டுப் பார்த்த கணக்காக அது இருக்கலாம். நம் வேலையில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் அளவு வாட்-ஹவர் என்று குறிப்பிடப்பட்டிருக்கும். 50 வாட்-ஹவர் பேட்டரி, 8 வாட் செலவாகும் லேப்டாப்பில் 6 மணி நேரம் வரும். அதே பேட்டரி, 25 வாட் இழுக்கும் லேப்டாப்பில் 2 மணி நேரம்தான். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான்.

டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் லேப்டாப்பாக இருந்தால் ஒரே 65 வாட் சார்ஜர் போனுக்கும் அதற்கும் உதவும். தொலைந்தால் வேறொன்று வாங்குவதும் சுலபம். வளைகுடா போகிறவர்கள் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அங்கே மின்சாரத்துக்குப் பயம் இல்லை, பிளக் மட்டும் மாறும். துபாயிலும் சவூதியிலும் மூன்று சதுரக் கால் பிளக், அதற்கு ஒரு கன்வர்ட்டர் போதும். விமானத்தில் லேப்டாப்பைக் கையில் வைத்திருக்கும் பையில் கொண்டு போங்கள். பவர் பேங்கை லக்கேஜில் போடவே கூடாது. 100 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கு விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். சிறிய லேப்டாப்களில் அந்தப் பிரச்சினை வராது.

மூன்றாவது கேள்வி: அதில் எதையெல்லாம் சொருகுவீர்கள்?

இது அற்பமான கேள்வி போலத் தெரியும். கணக்குத் தாக்கல் செய்பவர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பெரும்பாலும் பழைய அகலமான யு.எஸ்.பி.யில்தான் சொருகும். சில மெல்லிய லேப்டாப்களில் டைப்-சி துளை மட்டுமே இருக்கும். புரொஜக்டரோடு இணைக்க வேண்டிய ஆசிரியைக்கு எச்.டி.எம்.ஐ. வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் டோக்கனையும் பென் டிரைவையும் எடுத்துப் போய்ச் சொருகிப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து டைப் அடித்தும் பாருங்கள். 11 இஞ்ச்சில் விசைகள் நெருங்கி விரல் இடிக்கலாம். தமிழில் எழுதுபவர்களுக்குத் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, அரபியும் இருக்கிறது. இதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

நான்காவது கேள்வி: காசு எங்கிருந்து வருகிறது?

"நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியே இல்லை பாய்" என்று கடையில் சொல்வார்கள். வட்டியே இல்லாத இ.எம்.ஐ. என்று ஒன்று இல்லை என்ற கருத்தை ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெரிவித்திருக்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்தத் தொகையைக் கடை விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டும். கிரெடிட் கார்டு பில்லை எடுத்துப் பாருங்கள். வட்டி என்று ஒரு வரி, அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி, பிராசஸிங் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். எந்த முறை கூடும், எது கூடாது என்பதை ஹஜ்ரத்மார்களிடம் கேட்டு நடங்கள். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் கர்ளன் ஹஸனா நிதி இருப்பதே, ஒரு பிள்ளையின் முதல் சம்பாத்தியம் வட்டியில் தொடங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

காசு குறைவாக இருந்தால், மட்டமான புதியதைவிட நல்ல கம்பெனி லேப்டாப்பை இரண்டாம் கையாக வாங்குவது மேல். பெரிய ஆபீஸ்களில் ஓடி வெளியே வரும் 14 இஞ்ச் லேப்டாப்கள் பெரும்பாலும் உறுதியானவை. வாங்கும்போது சிலவற்றைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் லேப்டாப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு சார்ஜ் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் தெரியும். பாதியாகக் குறைந்திருந்தால் புது பேட்டரியின் விலையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருந்தால், அதில் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் மனதை உறுத்தும்.

வாங்கிய பிறகு ஒரு விஷயம். வெளியூர் போகும் லேப்டாப்பில் அடுத்தவர் கணக்கும் நம் வீட்டுப் பெண்களின் போட்டோவும் இருக்கும். அது அமானிதம். பாஸ்வேர்டு போடுங்கள். டிவைஸ் என்கிரிப்ஷன் வசதி இருந்தால் இயக்கி, அதன் ரெக்கவரி சாவியை வீட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை வேறொரு டிரைவில் நகல் எடுங்கள். பஸ் ஸ்டாண்டிலும் ஏர்போர்ட்டிலும் கிடைக்கும் இலவச வைஃபையில் வங்கி வேலை பார்க்க வேண்டாம், உங்கள் போன் ஹாட்ஸ்பாட் போதும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது.

இறுதியாக, கமிட்டியின் முடிவைச் சொல்கிறேன். இனி லேப்டாப் கேட்டு மனு போடுபவர்கள் இந்த நான்கு கேள்விகளுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைக்க வேண்டும். எழுதத் தெரியாத தாய்மார்கள் ஆபீஸுக்கு வாருங்கள், கேட்டு நாங்களே எழுதுகிறோம். அந்தத் தாளைப் படித்துப் பார்க்க, நான் சொன்ன அந்தத் தம்பியே ஜும்ஆ அன்று அஸருக்குப் பின் ஆபீஸில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளை என்ன எழுதியிருக்கிறானோ, எழுதியிருக்கிறாளோ, அதுதான் கணக்கு. "பெருசா வாங்கிக்கங்க" என்று நான் இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் ஹலாலான ரிஸ்கைத் தேடி, ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. கடன் பட்டவர்களின் கடனை இலேசாக்குவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.