பெயிண்ட் டப்பா என்ன சொல்கிறது?



நம் பெங்களூரில் ஜே.சி. ரோடு பக்கம் போனால் வண்டிச் சாமான் கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே வாங்கும் பம்பரும் பக்க மூடியும் பல நேரம் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்காக வரும். வண்டியின் நிறத்துக்கு ஏற்ப அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். சிறிய சாமான்தானே என்று சிலர் வீட்டிலேயே ஸ்ப்ரே கன் வைத்து அடிக்கிறார்கள். என் அண்ணன் பெயிண்ட் வேலை செய்கிறவர். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போன வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார்: "பம்பருக்கு அடித்த பெயிண்ட் ஏன் வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது?"

நல்ல கேள்வி. பம்பரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். 'பிபி' என்று இருந்தால் அதில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். 'ஏபிஎஸ்' என்று இருந்தால் அவ்வளவு சிரமம் இல்லை. புதுச் சாமானில் அச்சிலிருந்து வந்த மெழுகும் எண்ணெயும் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, காய வைத்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்புப் போக வேண்டும், அவ்வளவுதான். பள்ளம் விழக் கூடாது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஆனால் பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.

கன்னைச் சாமானிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். சாமானுக்கு வெளியே விசையை அழுத்தி, நேராக ஓட்டி, மறுபக்கம் தாண்டிய பிறகு விடுங்கள். அடுத்த ஓட்டம் முந்தைய ஓட்டத்தில் பாதியை மூட வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் பெயிண்ட் ஒழுகும். மெல்லிய பூச்சாக அடித்து, கொஞ்சம் காய விட்டு, மறுபடி அடியுங்கள். மழை நாளில் சில பெயிண்ட் வெளிறிப் போகும். காற்றில் உள்ள ஈரம்தான் காரணம். அன்றைக்கு வேலையைத் தள்ளி வைப்பதே லாபம்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தின்னரிலிருந்து எழும் ஆவி காற்றை விடக் கனமானது. அது மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். முன்னறையில் பெயிண்ட் அடித்தால் அந்த ஆவி சமையலறை அடுப்பு வரைக்கும் போகலாம். அடுப்புத் தீ, சாமி விளக்கு, ஊதுபத்தி, பீடி, சுவிட்சில் வரும் சின்னப் பொறி, எதுவும் அதைப் பற்ற வைக்கும். காற்றோட்டத்துக்கு என்று டேபிள் ஃபேனை வைக்கிறார்கள். அதன் மோட்டாரிலும் பொறி வரலாம். அதனால் அறைக்குள் வேண்டாம். திறந்த வெளியில், அடுப்பும் பிள்ளைகளும் இல்லாத பக்கம் அடியுங்கள். தின்னர் துடைத்த துணியைக் குவித்துப் போடாதீர்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போல மின்னும் பெயிண்ட் பெரும்பாலும் இரண்டு டப்பாவாக வரும். ஒன்று பெயிண்ட் அல்லது கிளியர். மற்றது ஹார்டனர். டப்பாவில் 2:1 என்று இருந்தால், இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்று அர்த்தம். எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் எண் ஒன்றுதான். அதை நீங்கள் இப்போது படித்துவிடுவீர்கள்.

அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. கன்னிலிருந்து வரும் புகை போன்ற தூறலோடு அது மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். அந்த ஆள் அந்த வேலையையே விட வேண்டி வரலாம். வாசனை இல்லை, அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்க முடியாது. வாசனை தெரியாத அளவிலும் அது கெடுதல் செய்யும். மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. பெரிய பட்டறைகளில் வெளியிலிருந்து நல்ல காற்றுக் குழாயில் வரும் முகமூடி போட்டு அடிக்கிறார்கள். நம் ஒற்றை அறை வீட்டில் அதற்கு வழி ஏது? ஹார்டனர் சேர்க்கும் பெயிண்டை வீட்டில் அடிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தக் கடைசிப் பூச்சை மட்டும் வசதியுள்ள பட்டறையில் கொடுங்கள். தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

"கூலி போய்விடுமே தங்கச்சி" என்று ஒரு அக்கா சொல்கிறார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். இல்லை என்று நான் சொல்லவில்லை.

பழைய வண்டிச் சாமானைத் தேய்க்கும்போது இன்னொன்று பாருங்கள். பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுச் சுவர்ப் பெயிண்டில் ஈயத்துக்கு 2016-இல் அரசு விதி போட்டது. வண்டிப் பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. உலர்ந்தபடி தேய்த்தால் தூசி பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அந்தத் தூசி கேடு. தண்ணீர் விட்டுத் தேய்த்து, வேலைச் சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். கையில் பட்ட பெயிண்டைத் தின்னரால் கழுவ வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போடுங்கள்.

பல டப்பாக்களில் தீ எரியும் படம் இருக்கும். சிலவற்றில் மனிதனின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படமும் இருக்கும். முதல் படம் தீப் பற்றும் என்கிறது. இரண்டாவது, உடம்பின் உள்ளே கெடுதல் செய்யும் என்கிறது. வீட்டில் காலி டப்பா இருந்தால், மூடியை இறுக்கி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எண்ணையும் படத்தையும் சேர்ந்து படிப்போம்.