புல்லைக் கேட்டு வெட்டுங்கள்



திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் குடியிருப்பவன் நான். 1989-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரில் அமைந்தது, வீடுகளும் பெருகின. வீட்டின் முன்னே ஒரு சென்ட் நிலம் மிஞ்சினாலும் அதில் பசும்புல் விரிக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. ஆசை நல்லதே. ஆனால், அந்தப் புல்லை எப்பொழுது வெட்டுவது என்ற கேள்விக்கு நாம் விடை தேடும் இடம் நாட்காட்டி. மாதம் பிறந்தால் ஆள் வருகிறார். மண் தெரிய ஒட்ட வெட்டுகிறார். கூலி பெற்றுப் போகிறார். நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், புல்லைப் பாருங்கள் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

செடிகள் பெரும்பாலும் நுனியில் வளர்கின்றன. புல்லின் இலையோ அடியிலிருந்து வளர்கிறது. ஆடு மாடுகள் மேய்ந்துபோன பின்னும் அது மீண்டும் நிமிர்வதற்குக் காரணம் இதுவே. நம் அருகம்புல்லின் ஆற்றல் இன்னும் பெரிது. தரைமேல் ஒரு தண்டு ஓடுகிறது. மண்ணுக்குள்ளே ஒரு தண்டு ஓடுகிறது. கணுதோறும் வேர் இறங்குகிறது. மணமக்களை வாழ்த்தும்போது பெரியவர்கள் அருகை உவமை காட்டுவது பொருத்தமானதுதான்.

எனினும், இலைதான் புல்லின் அடுக்களை. வெயிலைக் கொண்டு உணவு சமைப்பது அங்கே. அதை ஒரே நாளில் அழித்துவிட்டால், புல் தான் சேமித்து வைத்ததைத் தின்று பிழைக்க வேண்டியதாகிறது. வேர் ஆழம் போகாமல் மேலோடு நின்றுவிடுகிறது. வெறுமையான இடத்தில் களை குடியேறுகிறது. ஆகையால், ஒருமுறை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. இதற்கு அளவுகோலும் வேண்டியதில்லை. ஆள்காட்டி விரல் ஏறத்தாழ 3 அங்குலம். அதன் மேலிரண்டு கணுக்கள் ஏறத்தாழ 2 அங்குலம். புல் முழுவிரல் அளவு வளர்ந்தால், இரண்டு கணு அளவு நிற்கும்படி வெட்டுங்கள். கவனிப்பாரின்றி ஓங்கிவிட்ட புல்லாயின், சில நாள் இடைவிட்டு இரண்டு மூன்று தவணைகளில் இறக்குங்கள்.

புல்வெட்டும் இயந்திரத்தை 1830-இல் உருவாக்கியவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சார்ந்த எட்வின் பட்டிங். கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் ஆலைப் பொறியைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. அதற்குமுன் அங்கே புல்தரை என்பது அரிவாள் பிடிக்கப் பல ஆட்களை வைத்துக்கொள்ளக் கூடிய செல்வர்க்கே உரியதாயிருந்தது. இயந்திரத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாகாது. அங்கே ஆண்டு முழுவதும் மழைத்தூறல் உண்டு. குளிர்காலத்தில் புல் உறங்கும். இங்கே புல்லை உறங்கச் செய்வது கோடை.

ஆடியில் மாலை மழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரையில் அருகு விரைந்து வளரும்; வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ வெட்ட நேரும். மார்கழி, தை மாத இரவுக் குளிரில் வளர்ச்சி தளர்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். மாசிக்குப் பின் மழையும் பாய்ச்சலும் இல்லையேல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அப்பொழுது கத்தியை உறையில் போட்டுவிடலாம்.

இவ்விடத்தில்தான் நம் மனம் தடுமாறுகிறது. புல் பழுப்பேறக் கண்டதும் குழாயைத் திறக்கிறோம். கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அதற்கு நாள்தோறும் 5 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் 200 லிட்டர். மாதத்துக்கு 6,000 லிட்டர். எங்களுடையது கடும்பாறை நிலம். பாறைப் பிளவுகளில் ஊறிய நீர் என் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த தெருவின் குடிநீரும் அதுவே. பழுத்த அருகு செத்த அருகு அன்று. மண்ணுக்குள் தண்டு உயிரோடிருக்கும். முதல் மழைக்குத் துளிர்க்கும். கோடையில் அதை மொட்டையடிக்காமல் விட்டால், அந்த இலையே மண்ணுக்கு நிழல்.

இன்னும் சில சொற்கள். ஈரப்புல்லை வெட்டாதீர்கள், பனி உலர்ந்தபின் காலையிலோ வெயில் தாழ்ந்தபின் மாலையிலோ வெட்டுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும், நுனி கருகும். வெட்டிய துணுக்குகள் சிறியனவாயின் அங்கேயே விடுங்கள். அவை மக்கித் தழைச்சத்தாகும். நீண்டனவாயின், மருந்து தெளிக்காத புல் என்றால், மாட்டுக்குக் கொடுங்கள்.

எங்கள் அண்ணாமலையில் கோடைக்கு முன்னே உலர்ந்த புல்லைப் பட்டை பட்டையாக அறுத்துத் தீத்தடுப்புக் கோடு இடுகிறார்கள். அங்கே அறுப்பது மரக்கன்றுகளைக் காக்கிறது. இங்கே கோடையில் வெட்டாமல் விடுவது மண்ணைக் காக்கிறது. எங்கே எதற்காக வெட்டுகிறோம் என்று அறிந்து வெட்டினால், நம் முற்றமும் பசுமையாயிருக்கும்; அடுத்த வீட்டுக் கிணற்றிலும் நீர் இருக்கும்.