உதடு மரத்தால் காத்திருக்க வேண்டாம்

டாக்டர்கள் எழுதித் தருவதைத் தமிழாக்குவது என் வேலை. நரம்பைப் பற்றிய பக்கத்தில் 'அயனி' என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டேன். பிறகு பார்த்தால் அது நம் அடுப்படியிலேயே இருக்கிறது: உப்பில் உள்ள சோடியம், வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம்.

நரம்புக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். நரம்பின் மெல்லிய உறையில் நுண்ணிய கதவுகள் உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து சோடியம் உள்ளே பாயும்போதுதான் செய்தி நகர்கிறது. சூடு பட்டதும் கையை இழுக்கிறோமே, அது இந்தக் கதவுகளின் வேலை.

பேத்தை மீனில், பாசாரில் 'இக்கான் புந்தால்' என்பார்களே அதில், டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அது சோடியக் கதவின் வாயை அடைத்துக்கொள்ளும். செய்தி நின்றுபோகும். ஈரலிலும் சினைப்பையிலும் நஞ்சு அதிகம். சில வகைகளில் தோலிலும் சதையிலும்கூட உண்டு. நன்றாகக் கழுவினேன், புளி ஊற்றிக் கொதிக்க வைத்தேன் என்பதால் பயனில்லை. கொதியில் அது அழியாது. 2023 மார்ச்சில் ஜோகூரில் எண்பது வயதைத் தாண்டிய தம்பதி இந்த மீனைச் சாப்பிட்டார்கள். இருவருமே பிழைக்கவில்லை.

முதலில் உதடும் நாக்கும் மரக்கும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கலாம். சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். பிறகு முகம், விரல்கள், வாந்தி, கைகால் தளர்ச்சி, கடைசியில் மூச்சு. நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதை நம்பி வீட்டார் நேரம் கடத்தக் கூடாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுக் கருவியில் வைத்து, நஞ்சு உடலை விட்டு வெளியேறும்வரை காப்பதுதான் சிகிச்சை. ஆகவே உதடு மரத்ததுமே 999க்கு அழையுங்கள். மோர் கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். சமைத்ததில் மிச்சம் இருந்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மீனே தொடாதவர்களுக்கும் ஒரு விஷயம். இரத்த அழுத்தத்துக்குத் தண்ணி மாத்திரை எடுப்பவர்களுக்குச் சோடியமோ பொட்டாசியமோ குறைந்துபோகலாம். கால் தசை பிடித்துக்கொள்வது, உடல் சோர்வு, திடீர்த் தடுமாற்றம் எல்லாமே வயதால்தான் என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கிளினிக்கில் சொன்னால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த' உப்பை வாங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள். அது உடலில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.